சுவிஸ் மலைக்குடிலில் ஓர் இரவு: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுமுன் செய்ய வேண்டியவை

இரவு 8.10 மணிக்கு நானும் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் குடிலின் கதவைத் தள்ளித் திறந்தபோது, உள்ளே எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் முதலில் எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். சாப்பாடு 6.30 மணிக்கே முடிந்துவிட்டது. மிஞ்சியிருந்த சூப்பையும் பாணையும் சூடாக்கித் தந்தார். என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கையில் காசாக இருந்தது 40 பிராங்க். படுக்கையில் விரிக்க உறை இல்லை. அப்படி ஒன்று தேவை என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாம் முறை போனபோது மாலை 4 மணிக்கே போய்ச் சேர்ந்து, வெளி வாங்கில் அமர்ந்து தேநீர் குடித்தேன். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் என் கால்கள் ஒன்றும் இளமையாகிவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகளைச் செய்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான். சுவிஸில் இருக்கும் சகோதரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மூரில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பீர்கள். பிள்ளைகள் "பெரியம்மா, மலையில் ஒரு நாள் தங்குவோம்" என்று கேட்டால் மறுக்க முடியாது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் எந்தக் குடில் என்று முடிவுசெய்யுங்கள்

அங்குள்ள நம்மவர்கள் "ஹுட்டே" என்றுதான் சொல்வார்கள். வாகனம் போகாத உயரத்தில், நடந்து வருகிறவர்கள் இரவு தங்குவதற்காகக் கட்டிய கல்வீடு அல்லது மரவீடு. சுவிஸ் அல்பைன் கழகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 150 குடில்கள் இருக்கின்றன. இவற்றை மலை ஹோட்டல்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹோட்டலில் தனியறையும் சுடுநீரும் கிடைக்கும். குடிலில் வரிசை மெத்தையும் குளிர்ந்த நீரும்தான்.

குடிலை உறவினர் தெரிவுசெய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பத்து வருடம் இருந்தவர் "சின்ன ஏற்றம்தான்" என்று சொல்வது நம் கணக்கில் சின்ன ஏற்றம் அல்ல. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குடில் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? கடைசி பஸ் அல்லது கேபிள் கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் ஏற வேண்டும்? பாதை எந்தத் தரம்? முதல் தடவை போகிறவர்களுக்கு ஏற்றம் 400 மீட்டருக்குள் இருப்பது நல்லது. பாதை டி1 அல்லது டி2 தரத்தில் இருக்க வேண்டும். கடினம் கூடக் கூட இந்தத் தரவரிசை டி6 வரை போகும். 2500 மீட்டருக்கு மேல் தலையிடியும் வாந்தியும் வரலாம். கடல் மட்டத்தில் வாழ்கிற நாம் நேரே அங்கே போய்ப் படுக்கக் கூடாது. முதலில் ஓரிரு நாள் தாழ்ந்த மலைகளில் நடந்து பாருங்கள்.

எங்கள் இரண்டாம் பயணம் லெம்மரன்ஹுட்டேக்கு. பேர்ணிலிருந்து ரயில், லொய்க் நிலையத்திலிருந்து பஸ்ஸில் லொய்க்கர்பாட், அங்கிருந்து கேபிள் காரில் கெம்மி கணவாய். அதிலிருந்து குடிலுக்கு ஒன்றரை மணி நேர நடை என்பது கணக்கு. பாதி வழி சமவெளி; நடுவில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். கடைசி ஏற்றம் மட்டும்தான் மூச்சு வாங்க வைக்கும். உயரம் 2500 மீட்டர் அளவில் இருப்பதால் அதற்கு முன் இரண்டு நாள் கீழே நடந்து பழகினோம். படங்களில் மயக்குகிற புளூம்லிசல்ப் குடில் 2800 மீட்டரையும் தாண்டி இருக்கிறது. ஏறவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை அதை விட்டுவிடுங்கள்.

2. மாதம்

கோடைக்காலத்தில் குடில்களில் பொறுப்பாளர் இருப்பது பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை. ஜூலைத் தொடக்கத்திலும் உயரமான பாதைகளில் பனி கிடக்கும். ஆகஸ்ட்தான் சிறந்த மாதம். நம் பாடசாலை விடுமுறைக்கும் அதுவே தோது. சிக்கல் ஒன்றுதான்: நல்லூர்த் திருவிழா. ஆடி அமாவாசையை அடுத்துக் கொடியேறினால் 25 நாள். தேரைத் தவறவிட மனம் இல்லாதவர்கள் திகதியை முதலில் பார்த்துவிட்டு விமானச்சீட்டை எடுங்கள். திருவிழாவோடு விரதமும் சேர்ந்துவந்தால் குடிலில் என்ன சாப்பிடுவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

3. விசா: இங்கேதான் காலம் போகும்

சுவிஸ், ஷெங்கன் வலயத்தில் இருக்கிறது. குறுகிய கால விசாவுக்கு 180 நாட்களில் 90 நாட்கள்வரை தங்கலாம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். அந்தப் பதினைந்தை நம்பி இருந்துவிடாதீர்கள். தீர்மானிக்க 15 நாள் என்பது வழக்கமான கணக்கு. அது 45 நாள்வரை நீளலாம். ஆகஸ்டில் போவதென்றால் ஏப்ரலில் கொழும்புக்குப் போய்விட வேண்டும் என்பது என் கருத்து. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 11 வயதுவரை 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது.

கையில் இருக்க வேண்டியவை: பத்து வருடங்களுக்குள் வழங்கப்பட்டு, திரும்பி வரும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகும், இரண்டு பக்கமாவது வெறுமையாக உள்ள கடவுச்சீட்டு, புகைப்படங்கள், வங்கிக் கணக்குக் கூற்று, வேலைத்தலக் கடிதம், அழைப்புக் கடிதம், அழைப்பவரின் வதிவிட அனுமதிப் பிரதி, உறவை நிறுவும் பிறப்புச் சான்றிதழ்கள். அரசாங்க ஊழியர்கள் வெளிநாட்டு விடுமுறை அனுமதியை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேளுங்கள். அந்தக் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எடுக்கும் நேரத்தில் அல்ப்ஸையே ஏறி இறங்கிவிடலாம்.

நான் சறுக்கிய இடம் பெயர். தமிழில் இருந்த பிறப்புச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். எனக்கு ஒருவர், தங்கைக்கு முன்பு வேறொருவர். அப்பாவின் பெயரில் உள்ள "ந்த" என்ற ஒலியை ஒருவர் 'டி' போட்டு எழுதியிருந்தார், மற்றவர் 'டிஎச்' போட்டு. தாளில் பார்த்தால் நாங்கள் இருவரும் வெவ்வேறு தகப்பன்களின் பிள்ளைகள். திரும்ப யாழ்ப்பாணம் வந்து, மொழிபெயர்ப்பைத் திருத்தி, மறுபடி இரவு பஸ் ஏறினேன். சகோதரங்களின் சான்றிதழ்களை அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பஸ் ஏறுங்கள்.

உத்தரவாதப் பத்திரம் இன்னொரு கண்ணி. உங்கள் வங்கிக் கணக்கு போதாது என்று தோன்றினால், அழைப்பவர் 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்கும் பத்திரம் ஒன்றைக் கேட்பார்கள். அந்தப் படிவம் தூதரகம் வழியாக உங்களிடம் வரும். நீங்கள் அதைச் சுவிஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அழைப்பவர் தம் பகுதி அலுவலகத்தில் கொடுக்க, அவர்கள் சரிபார்ப்பார்கள். எவ்வளவு விரைவாக அனுப்பினாலும் சில வாரங்கள் போய்விடும். ஏப்ரல் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

4. காப்புறுதியின் சிறிய எழுத்து

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். மலிவான பத்திரமே விசாவுக்குப் போதும். மலைக்குப் போதும் என்று சொல்ல முடியாது. பல பத்திரங்களில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதும் ஹெலிகொப்டர் மீட்பும் விலக்கு என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். முகவரிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுவிஸில் ஹெலிகொப்டர் வந்து தூக்கினால் செலவு ஆயிரக்கணக்கான பிராங்க். விமான மீட்புச் சேவையான ரேகாவின் எண் 1414. பொது அவசர எண் 112. இரண்டையும் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிப் பையில் போடுங்கள்.

5. இடம் பதிவுசெய்தல்

விசா கையில் வருமுன் பெரும்பாலான குடில்களுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இடத்தைப் பிடித்து வைக்கலாம். கழகத்தின் இணையத்தளத்தில் குடிலைத் தேடி, நாளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கொடுத்தால் உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் வரும். சனிக்கிழமை இரவுகள் வெகு முன்னரே நிரம்பிவிடும். செவ்வாய், புதன் கேளுங்கள். விலைக்கழிவு பெறும் கழக உறுப்பினர் யாராவது குடும்பத்தில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

காலநிலை கெட்டுவிட்டால் பதிவை நீக்கலாம். எத்தனை மணிக்குள் நீக்க வேண்டும் என்பது குடிலுக்குக் குடில் வேறு; உறுதிப்படுத்தலிலேயே எழுதியிருக்கும். சொல்லாமல் இருந்துவிட்டால் பணம் அறவிடுவார்கள். அதைவிட மோசம், நீங்கள் வழியில் விழுந்துவிட்டீர்களோ என்று தேடத் தொடங்கலாம். பிந்தினாலும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நாங்கள் அன்று அழைக்கவில்லை. பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்ததன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

6. உறையும் சப்பாத்தும்

குடிலில் கம்பளி அல்லது பஞ்சுப் போர்வை தருவார்கள். அதை ஒவ்வொரு நாளும் துவைக்க முடியாது என்பதால், ஆளுக்கொரு மெல்லிய துணி உறைக்குள் புகுந்துதான் படுக்க வேண்டும். இது கட்டாயம். கடையில் வாங்கினால் பட்டு உறை நல்ல விலை. நான் இரண்டாம் முறை எட்டு முழப் பருத்தி வேட்டி ஒன்றைத் திருநெல்வேலியில் ஒரு தையற்காரரிடம் கொண்டுபோனேன். இரண்டாக மடித்தால் 1.8 மீட்டர் அளவு நீளம். இரு பக்கமும் தைத்து, தலைப்பக்கம் மட்டும் திறந்துவிடச் சொன்னேன். அவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது தலையணை உறையா, ஆளுக்கு உறையா?" என்று கேட்டார். ஆளுக்கு என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியில் மட்டும் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். மடித்தால் ஒரு பாடப்புத்தக அளவுதான். ஐந்தரை அடிக்கு மேற்பட்டவர்கள் இன்னொரு முழம் ஒட்டுப்போட வேண்டும்.

சப்பாத்தை இங்கே வாங்காதீர்கள். கணுக்காலை மூடும், அடிப்பாகம் முரடான மலைச்சப்பாத்து வேண்டும். அதை அங்கே உறவினரிடம் இரவல் கேட்கலாம். இல்லாவிட்டால் பழைய பொருள் விற்கும் புரோக்கன்ஹவுஸ் கடைகளில் தேடலாம். எதுவானாலும் மலைக்கு முன் ஒரு வாரமாவது அணிந்து கடைத்தெருவுக்குப் போய்வாருங்கள். புதுச் சப்பாத்தோடு நேரே மலையேறியதன் பலன்தான் என் குதிகால்கள்.

மற்றவை: மழை அங்கி, கம்பளிக் காலுறை இரண்டு சோடி, குளிருக்கு மேற்சட்டை, விரைவில் காயும் காற்சட்டை, தொப்பி, சூரியக் களிம்பு, சிறு துவாய், தலையில் கட்டும் விளக்கு, கைபேசிக்கு மின்சேமிப்பான், வழமையான மருந்துகள். பருத்திச் சுடிதார் நனைந்தால் அந்தக் குளிரில் காயவே காயாது. பை 7 கிலோவைத் தாண்டக் கூடாது.

7. கால்களைப் பழக்குதல்

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு எதுவும் இல்லை. பெயரளவில் ஒரு கீரிமலை உண்டு. அங்கும் கேணிக்குள் இறங்கத்தான் படி இருக்கிறது. இரண்டு மாதம், வாரத்தில் நான்கு நாள், ஐந்து கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். பாடசாலை மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். மாணவர்கள் சிரித்தார்கள், பரவாயில்லை. முடிந்தவர்கள் சிவனொளிபாதமலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். 2243 மீட்டர்; டிசம்பர்ப் போயாவிலிருந்து மே மாத வெசாக்வரை பருவம். நல்லதண்ணி வழியில் 5,000க்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அல்ப்ஸிலும் அதையேதான் சொல்லும்.

8. ஏறும் நாள்

வழியில் மஞ்சள் பலகைகள் தூரத்தைக் காட்டா, நேரத்தைக் காட்டும். அந்த நேரத்தில் இளைப்பாறுதல் சேர்க்கப்படவில்லை. நாங்கள் 2 மணி 40 நிமிடம் என்று பார்த்துவிட்டு 3.30க்கு நடக்கத் தொடங்கினோம், 8.10க்குத்தான் சேர்ந்தோம். பலகை நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள், பிள்ளைகள் இருந்தால் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கோடையில் பிற்பகலில் இடியும் மின்னலும் வரும். 3 மணிக்குள் கூரைக்குக் கீழ் இருப்பதாகத் திட்டமிடுங்கள்.

மஞ்சள் குறி சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை. குடில்களுக்குப் பெரும்பாலும் இதுதான். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்புங்கள், அது கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு.

மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் மாட்டைக் கண்டால் தடவிக் கொடுக்கிறவர்கள். அங்கே மலைப்புல்வெளியில் கன்றோடு நிற்கும் பசு தடவலை விரும்பாது, முட்டும். சுற்றிப் போங்கள்.

9. குடிலுக்குள்

வாசலில் சப்பாத்தைக் கழற்றி அதற்குரிய அறையில் வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் பொதுச் செருப்பில் அளவானதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பொறுப்பாளரிடம் பெயரைச் சொன்னால் படுக்கையைக் காட்டுவார். பெரிய குறிப்பேடு ஒன்று மேசையில் இருக்கும்: பெயர், எங்கிருந்து, நாளை எங்கே. நான் பெருமையோடு தமிழிலேயே "யாழ்ப்பாணம்" என்று எழுதினேன். பொறுப்பாளர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கீழே ஆங்கில எழுத்தில் மறுபடி எழுதச் சொன்னார். யாராவது காணாமல் போனால் மீட்புக்காரர்கள் முதலில் புரட்டுவது அந்தக் குறிப்பேட்டைத்தான். அவர்களுக்கு வாசிக்கத் தெரிய வேண்டும்.

படுக்கையறையில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. நீண்ட மேடையில் மெத்தைகள் தோளோடு தோள் வரிசையாக இருக்கும். தயக்கம் உள்ள பெண்கள் பதிவுசெய்யும்போதே நான்கு பேர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சுவர்ப்பக்கத்தைப் பிடியுங்கள். உடையை முகம் கழுவும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான குடில்களில் குளியல் இல்லை. குழாய் நீர் பல இடங்களில் குடிக்க உகந்தது அல்ல, அறிவிப்பு ஒட்டியிருக்கும். கழிப்பறையில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு சிறு போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். இதை எனக்கு ஒருவரும் முன்னே சொல்லவில்லை.

இரவு 10 மணிக்கு அமைதி. சிகரம் ஏறுகிறவர்கள் விடியப்புறம் 4 மணிக்கே எழுந்து போவார்கள். பொலித்தீன் பையைச் சரசரக்க வைத்து அவர்கள் சாபத்தை வாங்காதீர்கள். காலையில் போர்வையை மடித்து வைத்து, உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே கீழே கொண்டுவர வேண்டும்.

10. சாப்பாடு

இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்ந்த கட்டணமே வழக்கம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே நேரத்தில்: சூப், பெரும்பாலும் சலாது, ஒரு பிரதான உணவு, இனிப்பு. சைவர்கள் பதிவிலேயே "வெகெட்டாரிஷ்" என்று குறிப்பிட வேண்டும். அங்கே சைவத்தில் முட்டை உண்டு. விரதகாரர்கள் "ஓனே ஐ", அதாவது முட்டை இல்லாமல், என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு வந்தது மக்கரோனியும் உருளைக்கிழங்கும் பாற்கட்டியில் புரட்டியது, பக்கத்தில் ஒரு கிண்ணம் ஆப்பிள் மசியல். இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டுமாம். பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள். நான் மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டேன்.

வழிக்குப் பருத்தித்துறை வடையை விடச் சிறந்த பொருள் இல்லை, கெடாது, பாரமில்லை. களைப்புக்குப் பனங்கட்டி ஒரு துண்டு. இறைச்சியும் பால் பொருட்களும் நம் நாட்டிலிருந்து கொண்டுபோகத் தடை. கொண்டுபோனதைக் குடிலின் உணவறையில் விரித்து உண்ண வேண்டாம், வெளி வாங்கு இருக்கிறது.

11. செலவு

உறுப்பினர் அல்லாத பெரியவருக்கு இரவுத் தங்கலும் இரண்டு வேளைச் சாப்பாடும் பெரும்பாலும் 80 முதல் 100 பிராங்க் வரை. பிள்ளைகளுக்குக் குறைவு. ஒரு பிராங்க் 300 ரூபாவைத் தாண்டி நிற்கும் நிலையில் இது சின்னத் தொகை அல்ல. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 10 பிராங்க் அளவில் வரலாம். பல குடில்களுக்கு எல்லாப் பொருளும் ஹெலிகொப்டரில் வருகிறது. லீற்றர் கணக்கில் விற்கும் தேநீர் மலிவு, அதையே போத்தலில் நிரப்புங்கள். ரயிலுக்கும் பெரும்பாலான கேபிள் கார்களுக்கும் அரைக்கட்டண அட்டை செல்லும். நாட் பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும்.

கணக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தீர்ப்பார்கள். அட்டை இயந்திரம் உள்ள குடில்களிலும் தொடர்பு விட்டு விட்டு வரும். அன்று என் வங்கி அட்டை மூன்று முறை போட்டும் ஏறவில்லை. தங்கை தன் கைபேசியால் செலுத்தினாள். சுற்றுலாவாக வந்த நமக்கு அந்தக் கைபேசி வசதி கிடையாது. ஆளுக்கு 150 பிராங்க் காசாக வைத்திருங்கள்.

12. பனிக்காலத்தில்

மார்ச் நடுப்பகுதி முதல் மே வரை சில குடில்கள் பனிச்சறுக்குப் பயணிகளுக்காகத் திறக்கும். பொறுப்பாளர் இல்லாத காலத்திலும் பல குடில்களில் ஒரு சிறு பகுதி திறந்திருக்கும். விறகு அடுப்பை நீங்களே மூட்டி, பனியை உருக்கிக் குடித்து, கட்டணத்தை நீங்களே செலுத்திவிட்டு வர வேண்டும். அங்கே போகப் பனிச்சரிவு அறிக்கையை வாசிக்கத் தெரிய வேண்டும்; அபாயத்தை ஐந்து படிகளில் தருவார்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்க ஆளுக்கொரு தேடுகருவி, நீண்ட துழாவுகோல், சவள் மூன்றும் வேண்டும், அவற்றைப் பாவிக்கவும் பழகியிருக்க வேண்டும். தங்கையின் மகன் வருகிற பங்குனிக்கு வரச் சொல்கிறான். நீ போய்வா, நான் பேர்ணில் இருந்து புட்டு அவித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.